எய்யாத அம்புகள்

நாலாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரைக்கும் என் பென்சில் டப்பாவில் ஒரு முள் இருந்தது. ஒரு சாண் நீளம். அடியிலிருந்து நுனி வரை வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று பட்டை பட்டையாக நிறம் மாறும். நடுவில் பென்சிலில் பாதித் தடிமன். இரண்டு பக்கமும் கூம்பிக்கொண்டே போகும். நுனி ஊசி. அடியில், தோலுக்குள் புதைந்திருந்த இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைக் காம்பு. நகத்தால் சுண்டினால் காய்ந்த சுரைக்குடுக்கை போல டக்கென்று சத்தம் வரும். தண்ணீர்த் தொட்டியில் போட்டால் மூழ்காது, படுத்தபடி மிதக்கும்.

அதைத் தொட்டுப் பார்க்க ஒரு கடலை மிட்டாய் கட்டணம். கதையோடு வேண்டுமென்றால் இரண்டு. "எங்க அப்புச்சி ராத்திரி காட்டுக்குக் காவலுக்குப் போனாரா, முள்ளம்பன்றி தூரத்துல நின்னு குறி பார்த்து அடிச்சுது. தலையைக் குனிஞ்சதால தப்பிச்சார். அந்த அம்புதான் இது." கடைசி வரி வரும்போது முள்ளைக் காற்றில் ஒரு வீசு வீசுவேன். முன் பெஞ்சுப் பிள்ளைகள் பின்னால் சாய்வார்கள்.

அப்புச்சி, அதாவது என் அம்மாவின் அப்பா, காவலுக்குப் போனது உண்மை. முள் அவர் காட்டில் கிடந்ததும் உண்மை. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. ஆனால் முள்ளம்பன்றி முள்ளை அம்பு மாதிரி விடும் என்பதை மட்டும் நான் பொய் என்று தெரிந்து சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினேன்.

போன மாதம் அக்கா மகள் போன் செய்தாள். ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். "சித்தி, முள்ளம்பன்றி முள்ளை எறியுமா எறியாதா? எங்க கிளாஸ்ல ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை." எறியாது என்றேன். "அப்புறம் எப்படி நாய் மூக்குல குத்துது? போட்டோல பார்த்தேனே" என்றாள். சரி, இது போனில் தீராது என்று எழுத உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கும், அவள் வகுப்பின் இரண்டு கட்சிக்காரர்களுக்கும். பெரியவர்கள் படித்தாலும் கட்டணம் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகிற வழியில் காரவள்ளி என்று ஓர் அடிவார ஊர் வரும். 70 கொண்டை ஊசி வளைவுகளும் அங்கிருந்துதான் ஏறும். அந்தப் பக்கத்தில், மலை முடிந்து சமதளம் தொடங்குகிற இடத்தில், அப்புச்சிக்கு மூன்று ஏக்கர் காடு இருந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் காடு என்றால் வனம் இல்லை, மேட்டுநிலம். கடலையும் குச்சிக்கிழங்கும் மாற்றி மாற்றிப் போடுவார். குச்சிக்கிழங்கு என்பது மரவள்ளிதான். சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது அதுவே.

காலையில் காட்டைச் சுற்றி வரும்போது அப்புச்சி தரையைப் படித்துக்கொண்டே நடப்பார். செய்தித்தாள் படிக்கிற மாதிரிதான். காட்டுப்பன்றி வந்திருந்தால் ஏர் ஓட்டினது போல மண் புரண்டு கிடக்கும், செடி சாய்ந்து கிடக்கும். முள்ளம்பன்றி வந்திருந்தால் அவ்வளவு ரகளை இருக்காது. செடியின் தூரில் அளவாக ஒரு குழி. குழியில் பாதி கடித்த கிழங்கு. கிழங்கின் மேல், சின்ன உளியால் செதுக்கினது போல இரண்டிரண்டு வரியாகப் பல் தடம். பக்கத்துப் புழுதியில் பின்னங்கால் தடம் ஒன்று, தவழ்கிற குழந்தை எழுந்து நின்ற மாதிரி, ஐந்து விரலோடு. அந்தத் தடத்துக்கு நடுவே நடுவே தென்னந்துடைப்பத்தை லேசாக இழுத்த கீறல்கள். "பாரு கண்ணு, துரை முள்ளை இழுத்துக்கிட்டே போயிருக்கார்" என்பார் அப்புச்சி. கிழங்கைத் தின்றவனை யாராவது துரை என்பார்களா? அவர் சொல்வார்.

வரப்போரத்தில் புழுக்கை கிடக்கும். பேரீச்சங்கொட்டை அளவு, நுனி கூம்பி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. குச்சியால் உடைத்தால் உள்ளே வெறும் நார். புழுக்கையை எதற்குச் சொல்கிறாய் என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ராத்திரி மட்டும் வெளியே வருகிற ஒரு பிராணியைத் தெரிந்துகொள்ள, பகலில் அது விட்டுப்போன சாமான்கள்தான் கிடைக்கும். முள், தடம், குழி, புழுக்கை.

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த மே மாதம். ஒருநாள் ராத்திரி அப்புச்சியோடு சாளையில், அதாவது காட்டுக் குடிசையில், படுக்க எனக்கும் அனுமதி கிடைத்தது. நிலா இல்லை. கயிற்றுக் கட்டில், மூணு கட்டை டார்ச், காலடியில் மணி என்கிற நாய். எத்தனை மணி இருக்கும் என்று தெரியாது, அப்புச்சி என் தோளைத் தொட்டார். காதைக் கொடுத்துக் கேட்டேன். கறக், கறக், கறக். யாரோ பச்சைத் தேங்காய் ஓட்டைச் சுரண்டுவது போல. நடுவில் ஒரு சின்ன உறுமல், சாப்பாடு பிடித்துப்போன தாத்தா மாதிரி.

எனக்கு முன்னால் மணிக்குத் தெரிந்துவிட்டது. பாய்ந்து ஓடியது. அப்புச்சி "டேய், டேய்" என்று கத்திக்கொண்டே டார்ச்சை அடித்தார்.

வெளிச்சத்தில் நான் கண்டது பன்றியும் இல்லை, எலியும் இல்லை. கறுப்பாக ஒரு முறம் நிமிர்ந்து நின்ற மாதிரி இருந்தது. தலையிலும் பிடரியிலும் நீளமான மயிர் சேவல் கொண்டை போல எழும்பி, அதற்குப் பின்னால் முட்கள் விசிறியாக விரிந்து, உள்ளதைவிட இரண்டு மடங்கு உருவம். பின்னங்காலால் தரையைத் தட், தட் என்று உதைத்தது. அப்புறம் அந்தச் சத்தம். நெற்று முற்றிய வாகைக் கிளையை உலுக்கினால் கலகலவென்று ஒரு சலசலப்பு வருமே, அதேதான். மணி கொஞ்சம் யோசித்தது. யோசித்ததோடு நின்றிருக்கலாம். முள்ளம்பன்றி திரும்பி ஓட ஆரம்பித்ததும் துரத்தியது. வரப்புக்கிட்டே போன முள்ளம்பன்றி சட்டென்று நின்றது. அவ்வளவுதான். மணி "கைய்ங்" என்று அலறிக்கொண்டு திரும்பி வந்தது. மூக்கில் இரண்டு, மேலுதட்டில் ஒன்று, முன்னங்கால் சப்பையில் ஒன்று.

நான் பார்த்தது இவ்வளவுதான். ஆனால் அடுத்த ஜூன் மாதம் வகுப்பில் நான் சொன்னது என்ன தெரியுமா? "எங்க மணி மேல நாலு அம்பு விட்டுச்சு."

இப்போது நிதானமாக அந்த ராத்திரியைத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். முள்ளம்பன்றியின் முள் என்பது மயிர்தான். நம் தலைமுடி, நகம், மாட்டின் கொம்பு எல்லாம் எந்தப் பொருளால் ஆனதோ, அந்தக் கெரட்டினால் ஆன தடித்த மயிர். பயத்திலோ குளிரிலோ உங்கள் கையில் மயிர் சிலிர்க்கிறது இல்லையா? ஒவ்வொரு மயிரின் அடியிலும் இருக்கிற குட்டித் தசை இழுப்பதால் அப்படி ஆகிறது. முள்ளம்பன்றிக்கும் அதேதான் நடக்கிறது, அதன் தசை மட்டும் நம்முடையதைவிடப் பலசாலி. அந்தத் தசையால் முள்ளை நிமிர்த்த முடியும், மடக்க முடியும். தூக்கி வீச முடியாது.

முள்ளிலும் வகை உண்டு. வெளியே தெரிகிற மெல்லிய நீள முட்கள் ஒரு சாணுக்கு மேலேயும் இருக்கும். அவை பார்ப்பவரை மிரட்டத்தான், வளையும், ஒடியும். அவற்றுக்கு அடியில், முதுகின் பின்பாதியில், குட்டையாகத் தடித்துக் கூர்மையாக ஒரு வரிசை மறைந்திருக்கிறது. குத்துகிற ஆயுதம் அதுதான். மூன்றாவது வகை வாலில் இருக்கிறது. முட்கள் என்று சொல்லவே கூடாது, வெள்ளையாக, நுனி வெட்டிவிட்ட மாதிரித் திறந்த குழல்கள். மெல்லிய காம்பில் நின்று ஆடும். வாலை அசைத்தால் ஒன்றோடொன்று மோதிக் கலகலக்கும். நான் கேட்ட வாகை நெற்றுச் சத்தம் அங்கிருந்து வந்தது.

ஆக, அந்த ராத்திரி அது மணிக்கு எத்தனை தடவை சொல்லிப் பார்த்தது என்று எண்ணுங்கள். முள்ளை விரித்தது. காலை உதைத்தது. வாலை ஆட்டியது. உறுமியது. அப்புறம் ஓடியும் பார்த்தது. எதற்கும் கேட்காத நாய் பின்னால் வந்தபோது நின்றது, அவ்வளவுதான். இன்னும் கோபம் வந்திருந்தால் பின்பக்கமாகவே பாய்ந்திருக்கும். மற்ற விலங்குகள் எதிரியைப் பார்த்து முன்னால் ஓடிப் பாய்வதை நாம் பார்த்திருக்கிறோம். இது புட்டத்தைக் காட்டிக்கொண்டு பின்னால் வேகமாக வந்து இடிக்கும். முட்கள் தோலில் இறுக்கமாக இல்லை, எதிலாவது குத்தினால் கழன்று அங்கேயே நின்றுவிடும். உடம்பை உலுக்கும்போது ஏற்கெனவே தளர்ந்த ஒன்றிரண்டு தெறித்து விழவும் செய்யும். இருட்டில், டார்ச் வெளிச்சத்தில், பயத்தோடு பார்க்கிற ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அது அம்பு விட்டது போலத்தான் தெரியும்.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மட்டும் இல்லை. 2000 ஆண்டுகளுக்கு முன்னால் ரோமில் வாழ்ந்த பிளினி என்ற பெரிய அறிஞரும் முள்ளம்பன்றி முள்ளை எறியும் என்றுதான் எழுதிவைத்தார். அவருக்கு முன்னால் அரிஸ்டாட்டிலும். நம் பழந்தமிழில் முள்ளம்பன்றிக்குப் பெயர் எய். சங்கப் பாட்டு ஒன்றில் காட்டுப்பன்றியின் பிடரி மயிர் எய்யின் முள்ளைப் போல இருந்தது என்று ஓர் உவமை வருகிறது. அம்பை விடுவதற்கும் நாம் எய்வது என்றுதான் சொல்கிறோம். இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், வேடிக்கையாக இருக்கும்.

மணியின் கதையை முடிக்கவில்லையே. சாக்கைப் போட்டு அதை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் காட்டு அண்ணன் குறடால் ஒவ்வொன்றாக இழுத்தார். வந்துவிட்டது. நம் ஊர் முள்ளம்பன்றியின் முள் வழவழப்பானது. அமெரிக்காவில் வேறொரு சாதி உண்டு, மரம் ஏறும், உடம்பில் 30,000 முள் வரை இருக்கும். அதன் முள் நுனியில் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத கொக்கிகள், மீன்செதிள் அடுக்கினாற்போல. அது குத்திவிட்டால் இழுக்க இழுக்கச் சதையைப் பிடித்துக்கொள்ளும். தசை அசைய அசைய முள் உள்ளேயே நகர்ந்து போகும். ஊல்டிஸ் ரோஸ் என்ற ஆராய்ச்சியாளரின் கையிலேயே அப்படி ஒரு முள் ஏறி, உள்ளே பயணம் செய்து, வேறு இடத்தில் வெளியே வந்தது. புண் சீழ் பிடிக்கவில்லை. ஏன் என்று தேடியவர், அந்த முட்களின் மேல் பூசியிருக்கிற எண்ணெய்ப் பசைக்குக் கிருமியைத் தடுக்கிற குணம் இருப்பதைக் கண்டுபிடித்தார். எதிரிக்கு எதற்கு மருந்து? எதிரிக்கு இல்லை. மரத்திலிருந்து தவறி விழுந்து தன் முள்ளே தன்னைக் குத்திக்கொள்ளும்போது ஆகட்டும் என்றுதான்.

மணிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் ஊர் முள்ளில் மண்ணும் அழுக்கும் இருந்தது. மூக்கு இரண்டு நாள் வீங்கி, மாட்டாஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் சரியானது. அதற்குப் பிறகு வாகை மரத்தடியில் காற்றடித்தால்கூட மணி எழுந்து வேறு இடத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

நாய்க்கு ஊசி போட ஆள் இருக்கிறது, புலிக்கு யார் இருக்கிறார்கள்? இமயமலை அடிவாரத்தில் முக்தேசர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண்புலி முள்ளம்பன்றியோடு மோதியது. ஒரு கண் போனது. முன்னங்காலிலும் பாதத்துக்கு அடியிலும் ஐம்பது முள் வரை ஏறின, ஓர் அங்குலத்திலிருந்து ஒன்பது அங்குலம் வரை நீளம். பல்லால் பிடுங்கப் பார்த்துப் புண்தான் பெரிதானது. மான் துரத்த முடியாத புலி புதரில் பசியோடு படுத்திருந்த இடத்துக்குப் புல் அறுக்க ஒரு பெண் வந்தாள். அந்தப் புலி பிற்பாடு ஆட்கொல்லியானது. கடைசியில் அதைச் சுட்டவர் வேட்டைக்காரரும் எழுத்தாளருமான ஜிம் கார்பெட். ஆட்கொல்லிகள் எப்படி உருவாகின்றன என்று விளக்கும்போது அவர் முதலில் காட்டுகிற உதாரணங்களில் ஒன்று இது. அந்தச் சண்டையில் முள்ளம்பன்றி எங்கே போய்த் தேடிச் சண்டை போட்டது? அதன் வழியில் அது போய்க்கொண்டிருந்திருக்கும்.

என் பென்சில் டப்பா முள் என்ன ஆனது என்று கேட்பீர்கள். ஏழாம் வகுப்பில் பறிபோனது. சேலத்தில் எங்கள் தெருவில் ஒரு மாமி வீட்டில் சீமந்தம். அந்தச் சடங்கில் கணவன் மனைவிக்கு முள்ளம்பன்றி முள்ளால் வகிடு எடுக்க வேண்டுமாம். வெள்ளைப் பட்டைகள் உள்ள முள்ளாக இருக்க வேண்டும் என்று பழைய சாத்திரமே சொல்கிறதாம். கடைத்தெருவில் கிடைக்கவில்லை. யாரோ என் டப்பாவைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். "சித்த நேரத்துல தந்துடறேன்டி கொழந்தே" என்று வாங்கிப் போனார். அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, இன்றைக்கு வேலைக்கும் போய்விட்டான். முள் வரவில்லை. ஒரு விதத்தில் நல்லதுதான். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே வந்துவிட்டது. முள்ளம்பன்றியை வேட்டையாடுவது அப்போதும் குற்றம், இப்போதும் குற்றம். எங்கேயாவது முள்ளை விற்கிறார்கள் என்றால், எல்லாமே தானாக உதிர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆகையால் யாரும் பென்சில் டப்பா ஆசையில் கடையில் தேட வேண்டாம்.

பன்றி என்று பெயர் வைத்த தப்பை நாம் மட்டும் செய்யவில்லை. கன்னடத்தில் முள்ளு ஹந்தி, மலையாளத்தில் முள்ளன்பன்னி. ஆங்கிலத்தின் பார்க்குபைன் என்ற சொல்லும் பிரித்துப் பார்த்தால் பழைய பிரெஞ்சு மொழியின் முள் பன்றிதான். உறுமுகிற சத்தமும் குண்டு உடம்பும் எல்லாரையும் ஏமாற்றியிருக்கிறது. உண்மையில் இது எலி, அணில் வகையறா, கொறிணி. இந்தியாவின் கொறிணிகளில் இதுதான் பெரியது: 11 முதல் 18 கிலோ எடை, வாலை விட்டுவிட்டு முக்கால் மீட்டருக்கு மேல் நீளம். சமையல் கேஸ் சிலிண்டரில் உள்ளே இருக்கிற கேஸ் 14.2 கிலோ. ஏறத்தாழ அவ்வளவு கனமுள்ள ஓர் எலியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் முள்ளெலி என்று ஒன்று இருக்கிறது, தென்மாவட்டத்துச் செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் தென்படும், உள்ளங்கையில் அடங்கும், பயந்தால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். பெயரில் எலி இருந்தாலும் அது எலி இல்லை. பன்றி என்று பெயர் உள்ளது எலி வகை, எலி என்று பெயர் உள்ளது எலி வகை இல்லை. தேர்வில் கேட்டால் கவனம்.

கொறிணி என்றால் முன்பற்கள் நிற்காமல் வளரும். கடித்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மரப்பட்டையைக் கடிக்கும், வேரைக் கடிக்கும். அது மட்டும் போதாது என்று இன்னொரு வேலையும் செய்யும். ஒருநாள் பகலில் அப்புச்சி என்னை ஓடைக் கரைக்குக் கூட்டிப்போய் வளையைக் காட்டினார். பாறை இடுக்குக்குக் கீழே, ஒரு பிள்ளை தவழ்ந்து போகிற அளவுக்கு வாய். வெளியே தள்ளிய மண் மேடாகக் கிடந்தது. வாயோரத்தில் எலும்புகள். ஆட்டுத் தொடை எலும்பு ஒன்று, மாட்டுத் தாடை ஒன்று. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. "இது ஆட்டைப் பிடிச்சுத் திங்குமா அப்புச்சி?"

அவர் தொடை எலும்பை எடுத்து என் விரலை அதன் மேல் வைத்து ஓட்டினார். வரி வரியாகப் பள்ளம், கிழங்கில் பார்த்த அதே உளித்தடம். "இது திங்கறதுக்கு இல்ல கண்ணு, கடிக்கறதுக்கு" என்றார். அவருக்கு இதை யார் சொன்னார்களோ தெரியாது, ஆனால் சரியாகச் சொன்னார். கிழங்கும் பழமும் வேரும் தின்கிற பிராணிக்கு சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் போதாது. செத்த விலங்கின் காய்ந்த எலும்பை எங்கிருந்தாவது தூக்கிக்கொண்டு வந்து வளையில் சேர்த்துவைத்து, நிதானமாகக் கொறிக்கும். பல்லும் தேயும், சத்தும் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவின் குகைகளில் ஆதி மனிதர்களின் எலும்பைத் தேடுகிறவர்களுக்கு இதனால் ஒரு தலைவலி. குகையில் குவிந்திருக்கும் எலும்பை அங்கே கொண்டுவந்து சேர்த்தது மனிதனா, சிறுத்தையா, முள்ளம்பன்றியா என்று பல் தடத்தை வைத்துப் பிரிக்க வேண்டியிருந்தது. அதற்காகவே இன்றைய முள்ளம்பன்றி வளைகளுக்குப் போய் எலும்பு பொறுக்கி ஆராய்ந்தார்கள்.

வளைக்குள்ளே நான் போனதில்லை, போக ஆசையும் இல்லை. நீளமான சுரங்கம், அதன் கோடியில் அகலமான ஓர் அறை, ஆபத்துக்கு ஒன்றிரண்டு கொல்லை வாசல் என்று அமைந்திருக்கும். சில வளைகளில் வாடகை தராத குடித்தனக்காரர்களும் உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர்ப் பக்கம் கேவலாதேவ் பூங்காவில் முள்ளம்பன்றி வளைகளைக் கவனித்தவர்கள், அதே வளையில் மலைப்பாம்பும் வௌவாலும் தங்குவதைப் பார்த்திருக்கிறார்கள். மலைப்பாம்புக்குத் தானாகத் தோண்டத் தெரியாது, வட இந்தியக் குளிரில் வெதுவெதுப்பான வீடு வேண்டும். வீட்டுக்காரர்கள் முள்ளோடு இருப்பதால் பாம்பும் வாலைச் சுருட்டிக்கொண்டு மரியாதையாக இருக்கும் போல.

அந்த அறையில்தான் குட்டி பிறக்கும். பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு, சில சமயம் கூட. எலிக்குஞ்சு மாதிரிக் கண் மூடி, மயிரில்லாமல், சிவந்து பிறக்காது. கண் திறந்தே பிறக்கும். முட்களும் இருக்கும், ஆனால் ஈரத்தோடு மெத்தென்று வளையும். இல்லாவிட்டால் அம்மாவின் கதி என்ன ஆவது! வெளிக்காற்று பட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக அவை விறைக்கும். முள்ளம்பன்றிகள் ஜோடியை மாற்றுவதில்லை. அப்பா, அம்மா, குட்டிகள் என்று ஒரே வளையில் குடும்பமாக இருக்கும். ராத்திரி மேயப் போகும்போது குட்டியைக் கூட்டிப்போவதில் அப்பாவுக்கும் பங்கு உண்டு. நம் ஊர்ச் சில அப்பாக்களைப் பற்றி இங்கே ஏதோ எழுத வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். மனிதர் வளர்ப்பில் இவை 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழ்ந்திருக்கின்றன. கொறிணிக்கு அது பெரிய ஆயுள். வீட்டெலி இரண்டு வருடம் தாண்டுவதே அபூர்வம்.

இதுவரை எழுதியிருந்தபோது அக்கா மகளுக்குப் பள்ளி லீவு விட்டார்கள். வந்து, மடிக்கணினியில் எட்டிப் பார்த்து, "இவ்ளோதானா? எனக்கு நேர்ல பார்க்கணும்" என்றாள். போன வாரம் இரண்டு பேரும் காரவள்ளிப் பக்கம் போனோம். அப்புச்சி இல்லை. காட்டை இப்போது மாமா பார்க்கிறார். கிழங்குக் கொல்லையைச் சுற்றிப் பழைய சேலைகளால் வேலி கட்டியிருந்தார். காட்டுப்பன்றி சேலைக்குப் பயப்படும் என்று ஒரு கணக்கு. முள்ளம்பன்றி அடியில் நுழைந்து வந்துவிடுகிறது. போன வருடம் ஏழு தென்னங்கன்றுகளைக் குருத்தோடு தின்றுவிட்டதாம். நான் முள்ளம்பன்றியின் பெருமையை எடுத்துவிட்டதும் மாமா, "அது எல்லாஞ் சரி, கன்னுக்குக் காசு நீ குடுப்பியா?" என்றார். நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் சுருக்குக் கண்ணி வைக்கச் சொல்லி அவரிடம் யோசனை சொன்ன ஆளை, "அது பெரிய பாவம்ப்பா" என்று அனுப்பிவிட்டாராம். கறிக்கும், இரைப்பையைக் காயவைத்துப் பொடித்தால் மூச்சிழுப்பு நிற்கும் என்கிற நம்பிக்கைக்கும், இன்னமும் இதைத் தேடுகிற ஆட்கள் அந்தப் பக்கம் இருக்கத்தான் செய்கிறார்கள். இழுப்புக்கு நல்ல மருந்து ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரியே சாளையில் படுக்க வேண்டும் என்று அவள் அடம். மாமா வானத்தைப் பார்த்தார். "வராது சாமி. நிலா பட்டப்பகலாட்டம் காயுது. இந்த வெளிச்சத்துல துரை வெளிய வரமாட்டார்." அந்தத் துரை இன்னும் அந்த வீட்டில் உயிரோடு இருப்பதைக் கேட்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

அவர் சொன்னது வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. நம் முள்ளம்பன்றியின் சாதி இந்தியா, இலங்கையிலிருந்து மேற்கே துருக்கி, இஸ்ரேல் வரை பரவியிருக்கிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் இதே சாதியைத் தொடர்ந்து கவனித்து 1988-இல் எழுதியவர்கள் கண்டதும் அதுதான்: நிலா வெளிச்சம் கூடினால் அது திறந்த வெளியில் மேய்வதைக் குறைத்துக்கொள்கிறது. இருட்டுதான் அதற்குப் பாதுகாப்பு. எங்கள் சாளை ராத்திரியிலும் நிலா இல்லை என்று முதலில் சொன்னேனே, அப்புச்சி அந்த நாளைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை.

மறுநாள் காலை ஓடைக் கரைக்குப் போனோம். பழைய வளை வாய் சரிந்து மூடியிருந்தது. கொஞ்சம் தள்ளிப் புதிதாக ஒன்று. அவள் குனிந்து குனிந்து முள் தேடினாள். கிடைக்கவில்லை. அதற்குப் பதில் குழிகள் கிடைத்தன. புது மண் தெரிகிற குழி மூன்று. போன வருடத்துக் குழிகள் நிறைய, ஓரம் மழுங்கி, சருகு நிரம்பி. கரையெல்லாம் காய்ந்து வெளுத்திருந்த அந்த மே மாதத்தில் ஒரு பழைய குழிக்குள் மட்டும் பச்சை. இரண்டு தும்பை, ஒரு ஆவாரங்கன்று, பெயர் தெரியாத புல் ஒரு கொத்து.

நெகேவில் இதையும் பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று அவளிடம் சொன்னேன். கிழங்கு தேடி முள்ளம்பன்றி தோண்டிப்போட்ட குழியில் மழைத்தண்ணீர் தங்கும். காற்று கொண்டுவருகிற சருகும் விதையும் அங்கே விழுந்து மாட்டிக்கொள்ளும். பக்கத்துத் தரையைவிட அந்தக் குழியில் செடிகள் அதிகம் முளைக்கும். வருடா வருடம் குழி தூர்ந்து சமமாகும் வரை இது நடக்கும். அதற்குள் வேறு இடத்தில் புதுக் குழிகள் வந்திருக்கும்.

அவள் குழியோரம் உட்கார்ந்து ஆவாரங்கன்றின் இலையை எண்ணினாள். மாமா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் முளைக்க வைக்கிறார். என் தென்னங்கன்னை மட்டும் பிடுங்கிப்போடுறார்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவளைக் காணவில்லை. தேடிப் போனால், திண்ணைச் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரின் தாள்களைக் கிழிக்காமல் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, அமாவாசைக்கு இன்னும் 11 நாள் இருக்கு. நாம என்னைக்கு ஊருக்குப் போறோம்?"